சட்டைக்குள் ஒளிந்த காய்ச்சல்

காதருகே 'ஙொய்' என்று ஒரு சத்தம். கையை ஓங்கி ஓர் அறை. அடி பட்டால் கொசு போயிற்று. படாவிட்டால் நம் கன்னம் போயிற்று. எப்படியானாலும் அத்துடன் விவகாரம் தீர்ந்தது என்று புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம்.

கடித்தது அனாபிலிஸ் இனத்துப் பெண் கொசுவாக இருந்து, அதன் எச்சில் பையில் மலேரியாக் கிருமியும் குடியிருந்தால், விவகாரம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. (பெண் கொசு என்று சொன்னதற்காகச் சகோதரிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆண் கொசு பூந்தேன், பழச்சாறு என்று சைவமாகவே காலத்தைத் தள்ளிவிடுகிறது. முட்டை வளர்வதற்கு ரத்தம் தேடி அலைய வேண்டியிருப்பது பெண்ணுக்குத்தான். குடும்பப் பொறுப்பு அங்கேயும் பெண் தலையில்தான் விழுந்திருக்கிறது!)

கொசுவின் எச்சிலோடு நம் தோலுக்குள் இறங்கும் கிருமிகள் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. சில பத்து இருக்கலாம். நூல் துணுக்கு மாதிரி மெலிந்து நீண்ட உருவம். ரத்தத்தில் புகுந்த சில நிமிஷங்களில் கல்லீரலைப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அங்கே ஒரு வாரம் மூச்சுக் காட்டாமல் பதுங்கியிருக்கின்றன. நமக்கோ காய்ச்சலும் இல்லை, தலைவலியும் இல்லை. அந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கிருமியும் பல்லாயிரமாகப் பெருகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் அந்தப் படை கல்லீரலை விட்டுக் கிளம்பி ரத்தத்தில் பாய்கிறது. சிவப்பு அணுக்களுக்குள் நுழைந்து, அவற்றைத் தின்று பெருகி, 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை அணுக்களை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்படி வெடித்து வரும் வேளையில்தான் பல் கிட்டும் குளிரும், பின்னாலேயே அனலாய் எரியும் ஜுரமும். நம் பாட்டிமார் இதை 'முறைக்காய்ச்சல்' என்று சொன்னது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! கிருமியைக் கண்ணால் காணாமலே அதன் கடிகாரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2023-ம் வருஷத்தில் மட்டும் சுமார் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. 5,97,000 பேர் இறந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சாவுகள் ஆப்பிரிக்காக் கண்டத்தில் நேர்ந்தவை. அவற்றிலும் முக்கால் பங்கு, ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றைக் கிழித்து மலேரியாக் கிருமியைக் கண்டது 1897 ஆகஸ்டு 20-ந் தேதி. பெரியம்மையை ஒழித்தார்கள், போலியோவை விரட்டினார்கள். மலேரியாவுக்கு மட்டும் தடுப்பு ஊசி கண்டுபிடிக்க 120 வருஷத்துக்கு மேல் ஆவானேன்?

காரணம் ஒரு சட்டை.

நம் உடம்பிலே ஓயாமல் சுற்றி வரும் காவல்காரர்கள் உண்டு. ரத்தத்தில் மிதக்கும் 'எதிர்ப்புப் பொருள்கள்' என்பவை அவர்கள்தாம். ஒரு கிருமியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அது மேலே போட்டிருக்கும் சட்டையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டு பிடிக்கிறார்கள். அந்தச் சட்டை புரதங்களால் நெய்தது. போலியோக் கிருமி பரம ஏழை. அதனிடம் இருக்கும் புரதங்கள் மொத்தமே பத்துப் பன்னிரண்டுதான். மலேரியாக் கிருமியோ பெரிய ஜமீன்தார். 5,000-க்கு மேற்பட்ட புரதங்களைத் தயாரிக்கும் சரக்கு அதனிடம் இருக்கிறது. கொசுவின் எச்சிலில் வரும்போது ஒரு சட்டை. கல்லீரலை விட்டுக் கிளம்பும்போது வேறொன்று. சிவப்பு அணுவுக்குள் குடியேறிய பின் மற்றொன்று. திரும்பக் கொசுவின் வயிற்றுக்குப் போனால் இன்னொன்று. நாடகக் கம்பெனியில் ஒரே நடிகர் அரசனாகவும் சேவகனாகவும் வருவதுபோலத்தான். ஒரு வேஷத்தை அடையாளம் கண்டு காவல்காரன் தடியை எடுப்பதற்குள் ஆசாமி அடுத்த வேஷத்தில் வந்துவிடுகிறார்.

ஆனாலும் காவல்காரர்கள் கடைசியில் கற்றுக்கொள்ளத்தான் செய்கிறார்கள். மலேரியா மிகுந்த ஊர்களில் பிழைத்து வளர்ந்த பெரியவர்களுக்குக் கிருமி ஏறினாலும் உயிருக்கு ஆபத்து வருவது அபூர்வம். 1961-ல் ஸிட்னி கோஹன், இயன் மக்ரெகர் முதலானோர் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியாவில் ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து, மலேரியாவில் கிடந்த குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் கிருமிகள் மளமளவென்று குறைந்தன. ஆகவே, பாடம் கற்க முடியும். கற்று முடிப்பதற்குள் எத்தனை குழந்தைகளைப் பறிகொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

வியன்னாவில் பிறந்த பெண்

இந்தச் சட்டையைப் பிடித்து இழுத்தவர் ஒரு பெண்மணி. டாக்டர் ரூத் நுஸென்ஸ்வைக் என்று பெயர். சொல்லிப் பார்த்தால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். ரூத் அம்மையார் என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

1928-ல் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். தாய், தகப்பனார் இருவருமே டாக்டர்கள். ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்த பிறகு அங்கே யூதர்கள் தலையெடுத்து வாழ முடியவில்லை. குடும்பம் கடல் கடந்து பிரேஸில் தேசத்துக்கு ஓடிற்று. ஸாவோ பாலோ நகரத்தில் புதுப் பாஷை கற்று, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார் ரூத். அங்கேதான் உடன் படித்த விக்டரைச் சந்தித்தார். படிக்கும் காலத்திலேயே இருவரும் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். ரத்தம் ஏற்றும்போது சாகஸ் நோய் என்ற பயங்கர வியாதியும் கூடவே ஏறிவிடாமல், ஜென்ஷியன் வயலட் என்ற ஊதாச் சாயத்தைக் கலந்து கிருமியைக் கொல்லலாம் என்று காட்டினார்கள். வாய்ப்புண்ணுக்கு ஆஸ்பத்திரிகளில் தடவுவார்களே, அதே ஊதா மருந்துதான். பிறகு கல்யாணம், குழந்தைகள், பாரிஸ், நியூயார்க். 1964-ல் தாய்நாடாக வரித்துக்கொண்ட பிரேஸிலுக்கே திரும்பினார்கள். அந்த வருஷம் பார்த்து அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. மறுபடி மூட்டை முடிச்சு, மறுபடி நியூயார்க். இரண்டு தடவை வேரோடு பிடுங்கி நடப்பட்ட ஒரு பெண், மூன்று குழந்தைகளையும் வைத்துக்கொண்டு நியூயார்க் சர்வகலாசாலையில் கொசுக்களோடு மல்லுக்கட்டினார்.

அப்போது பண்டிதர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தது என்ன? 'கொசு கடித்துச் சில நிமிஷங்களில் கல்லீரலுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும் கிருமியை எந்த எதிர்ப்புப் பொருள் பிடிக்கும்? அங்கே கை வைப்பது வீண் வேலை' என்பதுதான். ரூத் அம்மையார் அங்கேதான் கை வைத்தார்.

மலேரியா ஏற்றிய கொசுக்களிலிருந்து கிருமிகளை எடுத்து, எக்ஸ்-ரே கிரணங்களை அவற்றின் மீது பாய்ச்சினார். கிருமிகள் சாகவில்லை, ஆனால் குற்றுயிராகிவிட்டன. இந்த அரை உயிர்க் கிருமிகளைச் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டார். அவை வழக்கம்போலக் கல்லீரல் வரைக்கும் போயின. அங்கே பெருகத் தெம்பில்லாமல் முடங்கிவிட்டன. சில நாள் கழித்து நல்ல வீரியமுள்ள கிருமிகளை அதே எலிகளுக்குப் போட்டார்கள். பெரும்பாலான எலிகளுக்கு மலேரியா வரவே இல்லை! 1967-ல் 'நேச்சர்' பத்திரிகையில் இந்தச் செய்தி வெளியாயிற்று.

எலியின் ரத்தத்தில் அப்படி என்ன உண்டாயிற்று? பிழைத்த எலிகளின் ரத்தத் தெளிநீரில் புதுக் கிருமிகளை விட்டுப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தார்கள். ஆச்சரியமான காட்சி ஒன்று தெரிந்தது. கிருமியைச் சுற்றிலும் ஏதோ ஒன்று படிந்து திரண்டது. பிறகு பின்பக்கமாக வால் மாதிரி வழிந்து கழன்றது. பாம்பு சட்டை உரிக்கிறதல்லவா? அதேதான்! எதிர்ப்புப் பொருள் பிடித்துக்கொண்டது கிருமியின் மேல் சட்டையை. கிருமியைச் சுற்றியிருக்கும் புரதம் என்ற அர்த்தத்தில் 'ஸர்கம்ஸ்போரோஸாய்ட்' புரதம் என்று பிற்பாடு அதற்குப் பெயர் வந்தது. நாம் அதைப் பாம்புச் சட்டை என்று சொன்னால் குறைந்து போகாது.

எலிக்குச் சரி, மனிதனுக்கு? 1973-ல் டேவிட் கிளைட் என்ற டாக்டர் அமெரிக்காவில் மேரிலாந்தில், எக்ஸ்-ரே பாய்ச்சிய கொசுக்களை மனிதர்கள் மேல் விட்டுக் கடிக்கச் செய்து, அவர்களுக்கும் பாதுகாப்பு வருவதைக் காட்டினார். கடி வாங்கியவர்கள் சிறைக் கைதிகள். சம்மதம் கேட்டுத்தான் செய்தார்கள் என்றாலும், கம்பிக்குப் பின்னால் இருப்பவனுடைய சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்று மனம் உறுத்தத்தான் செய்கிறது. பிற்காலத்தில் அந்த வழக்கத்தையே கைவிட்டார்கள். அது கிடக்க, இந்த முறையில் ஒருவரைக் காப்பாற்ற ஆயிரம் கொசுக் கடி வேண்டியிருந்தது. கொசுவின் எச்சில் பையை ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்து எடுக்கலாமென்றால், அது மல்லிகை மொட்டுத் தொடுப்பதைவிட நுணுக்கமான வேலை. கோடிக் கணக்கான குழந்தைகளுக்கு எங்கே போவது?

முழுக் கிருமி வேண்டாம். சட்டை மட்டும் போதுமா என்று பார்ப்பதே மிச்சம் இருந்த வழி. 1980-ல் ரூத், விக்டர், நோபுகோ யோஷிதா ஆகியோர், அந்த ஒரே சட்டையைப் பிடிக்கும் ஒரே வகை எதிர்ப்புப் பொருளைத் தனியாகத் தயாரித்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகள் தப்பின. சட்டை போதும் என்று நிச்சயமாயிற்று.

ஐந்து வருஷ வாக்குறுதி

1984-ல் மனித மலேரியாக் கிருமியின் சட்டைக்கு உரிய மரபணுவைப் படித்துவிட்டார்கள். அதன் நெசவு வெகு விசித்திரம். நான்கு மணிகளைக் கோத்து, அதே நான்கையே திரும்பத் திரும்ப ஏறக்குறைய 40 தடவை கோத்த மாலை மாதிரி இருந்தது. எந்த ஊர்க் கிருமியை எடுத்தாலும் இந்த மாலை பெரும்பாலும் மாறுவதில்லை. சட்டை மாற்றும் கள்ளனிடம் மாற்றாத ஒரு பட்டை அகப்பட்டுவிட்டது! அமெரிக்க அரசாங்க அதிகாரிகளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ஐந்தே வருஷத்தில் தடுப்பு ஊசி வந்துவிடும் என்று பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவைத்து அறிவித்தார்கள்.

1987-ல் முதல் பரீட்சை. இந்தத் தடவை கைதிகள் இல்லை. ஆராய்ச்சி செய்த டாக்டர்களே முன்வந்தார்கள். கடற்படை டாக்டர் ஸ்டீபன் ஹாஃப்மன் என்பவர் ஊசியைப் போட்டுக்கொண்டு, மலேரியாக் கொசுக்களிடம் கையை நீட்டினார். தாம் தப்பிவிட்டோம் என்ற நம்பிக்கையோடு ஸான் டியேகோ நகரில் ஒரு வைத்திய மாநாட்டுக்குப் போனார். அங்கே போனதும் கிடுகிடுவென்று குளிர் ஜுரம் அவரை உலுக்கி எடுத்துவிட்டது. பரீட்சையில் ஈடுபட்ட ஆறு பேரில் தப்பியவர் ஒருவரே ஒருவர்.

கோளாறு என்னவென்றால், நான்கு மணி மாலை மட்டும் தனியே போனால் காவல்காரர்கள் அதை அவ்வளவாக மதிக்கவில்லை. கூட்டத்தில் தனித்துப் போகும் சின்னப் பையனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? யானை மேல் உட்கார்ந்து வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அந்த யானை வேறோர் இடத்தில் தயாராக இருந்தது. மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெபடைடிஸ்-பி நோய்க்கு, அந்தக் கிருமியின் மேல் சட்டைப் புரதத்தையே உருண்டை உருண்டையாகச் செய்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட்தான் அதைத் தயாரித்துக் கொடுத்தது. பெல்ஜியத்திலிருந்த மருந்துக் கம்பெனி விஞ்ஞானிகளும், வால்ட்டர் ரீட் என்ற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து, மலேரியாச் சட்டைத் துண்டை அந்த உருண்டையின் மேல் தைத்துவிட்டார்கள். 'ஆர்.டி.எஸ்.,எஸ்.' என்று கடித நம்பர் மாதிரி ஒரு பெயரும் வைத்தார்கள்.

யானை மட்டும் போதவில்லை, மேளமும் வேண்டியிருந்தது. தென் அமெரிக்காவில் சிலி தேசத்தில் ஒரு மரம் இருக்கிறது. அதன் பட்டையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால் நுரை பொங்கும். நம் வீடுகளில் பட்டுப் புடைவை அலசவும் நகை கழுவவும் பூந்திக்கொட்டை ஊற வைப்போமே, அந்த நுரைக்குக் காரணமான 'ஸபோனின்' என்ற சத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். ஊசி மருந்தோடு அதைக் கொஞ்சம் சேர்த்தால், 'ஆபத்து, ஆபத்து!' என்று உடம்பு முழுவதும் தண்டோராப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. காவல்காரர்கள் விழித்துக்கொள்கிறார்கள். 1997-ல் இந்த மேளதாளத்தோடு பரீட்சை நடத்தியபோது ஏழு பேரில் ஆறு பேர் தப்பினார்கள்.

ஐந்து வருஷம் என்று சொன்னது பதின்மூன்று வருஷமாகி இவ்வளவு தூரம் வந்தது. அதற்கு மேல் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல இன்னும் 24 வருஷம் பிடித்தது. மொஸாம்பிக்கில் 2,022 குழந்தைகளை வைத்து நடத்திய பரீட்சையின் முடிவு 2004-ல் வந்தது. பிறகு 2009 முதல் 2014 வரையில் ஏழு நாடுகளில் 15,459 குழந்தைகள். ஐந்து மாதம் முதல் பதினேழு மாதம் வரை வயதுள்ள குழந்தைகளுக்கு நான்கு ஊசியும் போட்டு நான்கு வருஷம் கவனித்ததில், காய்ச்சல் நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு குறைந்திருந்தது.

'இவ்வளவுதானா?' என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். நூற்றுக்கு முப்பத்தாறு பரீட்சையில் வாங்கினால் பையனுக்கு வீட்டில் பூசை நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடக் கணக்காகப் போடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அந்த ஊர்களில் ஒரே குழந்தைக்கு ஒரு வருஷத்தில் பல தடவை மலேரியா வருகிறது. ஊசி போட்ட ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுக்கும் நான்கு வருஷத்தில் 1,774 காய்ச்சல்கள் தடுக்கப்பட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கூலிக்குப் போகும் ஒரு தாய், ஜுரத்தில் துவளும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்கும் 1,774 நடை மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2019 ஏப்ரல் 23-ந் தேதி மலாவி தேசத்தில் ஊசி போடத் தொடங்கினார்கள். அடுத்து கானா, கென்யா. மூன்று நாடுகளிலுமாக 20 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஊசி போடும் வயதிலிருந்த குழந்தைகளிடையே, விபத்து நீங்கலாக, எல்லாக் காரணத்தாலும் நேரும் சாவுகள் நூற்றுக்குப் பதின்மூன்று குறைந்தன. 2021 அக்டோபரில் உலகச் சுகாதார ஸ்தாபனம் சம்மதம் தந்தது. மனிதனைப் பீடிக்கும் ஓர் ஒட்டுண்ணிக்கு அந்த ஸ்தாபனம் ஏற்றுக்கொண்ட முதல் தடுப்பு ஊசி இதுதான்.

ரூத் அம்மையார் அதைப் பார்க்க இல்லை. 2018 ஏப்ரலில், மலாவிக் குழந்தைகளுக்கு முதல் ஊசி போடுவதற்கு ஒரு வருஷம் முந்தி, காலமாகிவிட்டார்.

இரண்டாவது ஊசியில் நம் தேசத்துக்கும் பங்கு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானிகள், யானையைக் கொஞ்சம் சிறிதாக்கி அதன் மேல் மலேரியாச் சட்டையை இன்னும் நெருக்கமாகத் தைத்து 'ஆர்-21' என்று ஒன்றைச் செய்தார்கள். அதைப் பெருவாரியாகத் தயாரிப்பது புனாவிலுள்ள ஸீரம் இன்ஸ்டிட்யூட். மழைக்காலத்தில் மட்டும் மலேரியா பரவும் பிரதேசங்களில், மழைக்கு முன்பாகவே போட்டுவிட்டால் ஒரு வருஷத்தில் காய்ச்சல் நூற்றுக்கு எழுபத்தைந்து குறைந்தது. 2023 அக்டோபரில் இதற்கும் அனுமதி கிடைத்தது. விலை ஓர் ஊசிக்கு இரண்டிலிருந்து நாலு டாலர் என்று அப்போது சொன்னார்கள். 2025 முடிவதற்குள் இருபதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் இரண்டில் ஏதாவது ஒன்றைத் தங்கள் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிவிட்டன.

ஒரு சங்கடம் இருக்கிறது. ஊசியின் பலம் நாளாக ஆகக் கரைகிறது. மூன்று ஊசி மாதத்துக்கு ஒன்றாகப் போட்ட பின், ஒரு வருஷம் போல் கழித்து நாலாவதும் போட்டாக வேண்டும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதற்கும், ஓடி விளையாடும் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம் பெற்றவர்களுக்குத் தெரியும்.

அறுபது புடைவை

கல்லீரலுக்குப் போகுமுன்பே கிருமிகளை வழிமறிப்பதுதான் மேலே சொன்ன ஊசிகளின் வேலை. தப்பித் தவறி ஒன்று நுழைந்துவிட்டாலும் போதும், அது பல்லாயிரமாகி ரத்தத்தில் இறங்கிவிடும். அங்கே அதற்கு வேறு சட்டை. முதல் ஊசி செல்லாது. ஆகவே ரத்தத்துக்கு என்று ஒரு காவல் வேண்டும்.

இந்தப் பகுதியின் சரித்திரம் பெரும்பாலும் தோல்விச் சரித்திரம். மாலி தேசத்தில் 400 குழந்தைகளுக்கு 'ஏ.எம்.ஏ.-1' என்ற சட்டையைக் கொண்டு ஊசி போட்டார்கள். 2011-ல் முடிவு வந்தது. மொத்தத்தில் பிரயோஜனம் சொல்லும்படி இல்லை. ஆனால் ஒரு வேடிக்கை. எந்த மாதிரிச் சட்டையை ஊசிக்கு எடுத்தார்களோ, அச்சாக அதே மாதிரிச் சட்டை போட்ட கிருமிகள் மட்டும் நூற்றுக்கு அறுபத்து நாலு குறைந்திருந்தன! மற்ற கிருமிகள் பொத்தானை மட்டும் மாற்றித் தைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டன. இதற்குப் பிறகு, மாற்றவே முடியாத சட்டையைத் தேடினார்கள். சிவப்பு அணுவின் கதவைத் திறக்கக் கிருமிக்குச் சாவி போல உதவும் 'ஆர்.எச்.-5' என்ற புரதம் கிடைத்தது. சாவியின் பல்லை மாற்றினால் கதவு திறக்காதல்லவா? அதனால் கிருமி இதில் அதிகம் கை வைப்பதில்லை. புர்க்கினா ஃபாஸோவில் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்ததில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பலன் தெரிந்ததாக 2024 டிசம்பரில் செய்தி வந்தது. இன்னும் பெரிய பரீட்சைகள் பாக்கி இருக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாயாவி ஒன்று உண்டு. சிவப்பு அணுவுக்குள் குடியேறிய கிருமி, அணுவின் வெளிப்பக்கத்தில் ஒரு புரதத்தை நீட்டி ரத்தக் குழாயின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. ஏன் என்றால், ரத்தத்தோடு ஓடினால் மண்ணீரல் என்ற சல்லடையில் அகப்பட்டு அழிந்துபோகும். மூளையின் நுண்ணிய குழாய்களில் இப்படி அணுக்கள் ஒட்டிக்கொண்டு அடைத்தால்தான் குழந்தைக்கு நினைவு தப்பி வலிப்பு வருகிறது. இந்தப் பற்றிக்கொள்ளும் புரதத்தில் கிருமியிடம் சுமார் அறுபது தினுசு இருக்கிறது. பீரோவில் அறுபது புடைவை. ஒரு நாளைக்கு ஒன்றுதான் உடுத்தும். அதைக் காவல்காரர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று தெரிந்ததும் அடுத்ததை எடுத்துக் கட்டிக்கொள்ளும்.

முதல் பிரசவம்

அந்த அறுபதில் ஒரு புடைவை பெண்களுக்கென்றே வைத்திருப்பது.

மலேரியா மிகுந்த நாடுகளில் டாக்டர்களை வெகுகாலமாகத் திகைக்க வைத்த விஷயம் இது. ஒரு பெண் குழந்தைப் பருவத்தில் மலேரியாவில் பலமுறை விழுந்து எழுந்து, இனி அது தன்னை ஒன்றும் செய்யாது என்ற நிலைக்கு வந்திருப்பாள். முதல் தடவை கர்ப்பம் தரித்ததும் மலேரியா மறுபடி அவளைப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் சுண்டிப்போகும். குழந்தை எடை குறைந்து பிறக்கும். பல குழந்தைகள் தங்குவதில்லை. சில சமயம் தாயே தங்குவதில்லை. அதே பெண்ணுக்கு இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இந்தத் தொல்லை குறைந்துகொண்டே போகும். கர்ப்ப காலத்துப் பலவீனம் என்று சமாதானம் சொன்னார்கள். பலவீனம் என்றால் மூன்றாவது பிரசவத்தில் அதிகமாக அல்லவா ஆக வேண்டும்? ஐந்து பெற்ற எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் அந்தச் சமாதானத்தில் ஓட்டை இருப்பதைச் சொல்லியிருப்பாள்.

1996-ல் மிகால் ஃப்ரீட், பாட்ரிக் டஃபி என்ற இரு விஞ்ஞானிகள் கென்யாவில் பிரசவமான பெண்களின் நஞ்சுக்கொடிகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் நிறைந்திருந்த கிருமிகள் மற்ற இடங்களில் ஒட்டுவது மாதிரி ஒட்டவில்லை. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரைப் பொருளைத் தேடிப் பற்றிக்கொண்டிருந்தன. புதிர் விடுபட்டது. நஞ்சுக்கொடி என்பது முதல் கர்ப்பத்தில் புதிதாக முளைக்கும் உறுப்பு. அதுவரையில் அந்த வீடே கிடையாது. ஆகவே அந்த வீட்டுக்கென்று கிருமி உடுத்தும் புடைவையை அவள் உடம்பின் காவல்காரர்கள் பார்த்ததே இல்லை. முதல் பிரசவத்தில் பார்க்கிறார்கள், அடுத்ததற்குள் கற்றுக்கொள்கிறார்கள். ஆண்களுக்கு இந்தப் பாடத்துக்குச் சந்தர்ப்பமே இல்லை.

1998-ல் அதே இருவர் இன்னொன்றையும் காட்டினார்கள். கென்யா, மலாவி, தாய்லாந்து ஆகிய தேசங்களில் பல பிள்ளை பெற்ற தாய்மாரின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், அதிலுள்ள எதிர்ப்புப் பொருள் அந்தக் கிருமிகளை நஞ்சுக்கொடிச் சர்க்கரையில் ஒட்ட விடாமல் தடுக்கிறது. ஒரு தேசத்துத் தாயின் ரத்தம் வேறு தேசத்துக் கிருமியையும் தடுத்தது! முகம் பார்த்திராத மூன்று நாட்டுப் பெண்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும், ஒரே பாடத்தைத் தங்கள் ரத்தத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 2003-ல் கோபன்ஹேகன் விஞ்ஞானிகள் அந்தப் புடைவை எது என்று கண்டுபிடித்து, 'வார்-2 சி.எஸ்.ஏ.' என்று அடையாளம் சொன்னார்கள்.

இப்படி முதல் பிள்ளையைப் பணயம் வைத்துக் கற்கும் பாடத்தை, முன்கூட்டியே ஓர் ஊசியில் கொடுத்துவிட முடியாதா? அந்த முயற்சியும் நடக்கிறது. இரண்டு ஊசிகளைச் செய்து, ஒன்றை ஜெர்மனியிலும் பெனின் தேசத்திலும், மற்றொன்றை பிரான்ஸிலும் புர்க்கினா ஃபாஸோவிலும் பரீட்சித்து, 2019-லும் 2020-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர்கள் இன்னும் கர்ப்பமே தரிக்காத இளம் பெண்கள். கெடுதல் ஒன்றும் நேரவில்லை. எதிர்ப்புப் பொருளும் ஊறிற்று. ஆனால் ஊசியில் இருந்த அதே தினுசுக் கிருமியை நன்றாகப் பிடித்த எதிர்ப்புப் பொருள், கொஞ்சம் மாறின தினுசை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அந்தத் தாய்மாரின் ரத்தம் எல்லா நாட்டுக் கிருமியையும் பிடித்ததே, அது புடைவையின் எந்த மூலையைப் பற்றி இழுத்தது என்பதைத்தான் ஆராய்ச்சி நிலையங்களில் இப்போது இழை இழையாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போதைக்கு ஆப்பிரிக்காவின் மலேரியாப் பிரதேசங்களில் முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால், அவளுக்குக் கொடுக்கப்படுவது மருந்து தோய்த்த ஒரு கொசு வலையும், நாலாம் மாதத்திலிருந்து ஒரு மாதமாவது இடைவெளி விட்டு விழுங்க வேண்டிய மாத்திரைகளும்தான்.